இரட்சிப்புக்காக ஜெபிக்க ஒரு குறிப்பேடு: எழுதிப் பார்த்த பிறகு

மற்றவர்களின் இரட்சிப்புக்காக, அதாவது அவர்கள் இயேசுவை விசுவாசித்து ஆண்டவரிடம் வர வேண்டும் என்று, ஜெபிப்பதற்கென்றே அச்சிட்ட ஒரு குறிப்பேட்டைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் பெண்கள் ஜெபக்குழுவில் ஓர் அக்கா மொத்தமாக வாங்கி எல்லார் கையிலும் ஒன்று கொடுத்தார். எழுதி எழுதி என் பிரதியின் ஓரங்கள் மடங்கிப்போய்விட்டன. கடையில் நின்று புரட்டிப் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம் இல்லை இது. வெளியிட்டவர்களின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். இதே மாதிரி வேறொன்று வாங்குகிறவர்களும், சாதாரண நோட்டில் தாங்களே கோடு போட்டுக்கொள்கிறவர்களும் எதைக் கவனிக்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அமைப்பு எளிது. ஓர் ஆளுக்கு 4 பக்கம், மொத்தம் 40 பேருக்கு இடம். முதல் பக்கத்தில் பெயர், உறவு, ஜெபிக்கத் தொடங்கிய நாள், அப்புறம் மூன்று கேள்விகள். மற்ற பக்கங்களில் தேதி போட்டு எழுதும் கோடுகள். கடைசியில் வாரத்தின் ஏழு நாளுக்கும் பெயர்களைப் பிரித்துக்கொள்ள ஓர் அட்டவணை. முன்னால் ஒரு சின்ன முன்னுரை.

முதல் கேள்வியிலேயே இந்தக் குறிப்பேடு என்னைப் பிடித்துக்கொண்டது. "இவரிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன?" நான் பார்த்த எந்த ஜெபப் பட்டியலிலும் இப்படி ஒரு வரி இல்லை. நெருங்கிய ஒருவருக்காக வருடக்கணக்கில் ஜெபித்தவர்களுக்குத் தெரியும், காலம் போகப்போக ஜெபம் எப்படி மெல்லப் புகாராகிவிடும் என்று. இன்னும் குடிக்கிறார், இன்னும் வேதத்தைத் தொடவில்லை, இன்னும் கேலி பேசுகிறார் என்று ஆண்டவரிடம் ஒவ்வொரு நாளும் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் ஆகிவிடும். அந்த ஆளை நாம் நேசிக்கிறோம் என்பதே அந்த வார்த்தைகளில் இருக்காது.

என் பிரதியில் முதல் பெயர் என் அண்ணனுடையது. அப்பா இறந்த பிறகு சபைக்கு வருவதை நிறுத்தியவன். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "வீட்டில் எல்லாருக்கும் விசுவாசம் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை இன்னும் அவனுக்குள் கிடக்கிறது. அவனைப் பற்றி அந்தக் கேள்விக்குக் கீழே நான் எழுதியது இது: "யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாய் நிற்பான். என் கல்யாணக் கடனை எனக்குச் சொல்லாமலே அடைத்தவன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டான்." ஒவ்வொரு முறை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதும் இந்த மூன்று வரியைத் தாண்டித்தான் ஜெபத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அதனால் ஜெபம் நன்றியில் ஆரம்பிக்கிறது. அப்போஸ்தலனாகிய பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது எல்லா மனுஷருக்காகவும் விண்ணப்பங்களையும் ஜெபங்களையும் வேண்டுதல்களையும் செய்யச் சொல்லிவிட்டு, ஸ்தோத்திரங்களையும் கூடவே சேர்க்கிறார். விசுவாசியாத ஒருவருக்காக ஸ்தோத்திரம் சொல்வது என்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி, "இப்போது இவருக்கு என்ன தேவை?" இதுவும் நல்ல கேள்வி. ஆத்துமாவுக்காக மட்டும் ஜெபித்துக்கொண்டு, அவருடைய வேலை, உடம்பு, பிள்ளைகளின் படிப்பு எதையும் கேட்காமலே இருந்துவிட முடியும். இந்தக் கேள்வி இருப்பதால் அண்ணனுக்குப் போன் செய்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. விசாரிக்காமல் அந்தக் கோட்டை நிரப்ப முடியாது.

மூன்றாவது கேள்வியோடுதான் எனக்கு உடன்பாடில்லை. "இவர் எப்போது, எப்படி, யார் மூலம் ஆண்டவரிடம் வர வேண்டும் என்று ஜெபிக்கிறீர்கள்?" குறிப்பாக ஜெபிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் வழியை நாம் மையால் எழுதி வைப்பது ஆபத்து. பிற்பாடு சபையின் பெரிய போதகராக ஆன அகஸ்டினின் தாய் மோனிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குக் கப்பல் ஏறிவிடக் கூடாது என்று அழுது ஜெபித்தவள் அவள். அவளை ஒரு சிற்றாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருக்க விட்டுவிட்டு, பொய் சொல்லி, இரவோடு இரவாக அவர் கப்பல் ஏறிவிட்டார். கரையில் நின்ற தாய்க்கு ஜெபம் தோற்றுப்போனதாகத்தானே தெரிந்திருக்கும்? ஆனால் அந்தப் பயணம்தான் அவரை இத்தாலியில், மிலான் நகரத்தில், அம்புரோஸ் என்ற பேராயரின் பிரசங்கத்துக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது. 386இல் மனந்திரும்பினார், 387 ஈஸ்டரில் அதே அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். பிற்பாடு இதை நினைத்து எழுதிய அகஸ்டின், அம்மா அன்று கேட்டதைத் தேவன் தரவில்லை, எப்போதும் கேட்டுவந்ததைத் தருவதற்காகவே அப்படிச் செய்தார் என்ற பொருளில் சொல்கிறார். மோனிக்காவின் கையில் இந்தக் குறிப்பேடு இருந்திருந்தால் மூன்றாவது கேள்விக்கு "ரோமுக்குப் போகக் கூடாது" என்றுதான் எழுதியிருப்பாள்.

அந்த இடத்தில் நான் பென்சிலால் வேறு தலைப்பு போட்டுக்கொண்டேன்: "இவருக்கும் எனக்கும் ஆண்டவர் எதைத் திறக்க வேண்டும்?" பவுல் பேசியதைக் கேட்ட லீதியாள் என்ற பெண்ணின் இருதயத்தைக் கர்த்தர் திறந்தார் என்று அப்போஸ்தலர் 16இல் இருக்கிறது. வசனம் செல்ல வாசல் திறக்கும்படி எங்களுக்காக ஜெபியுங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார். ஒரு பக்கம் கேட்கிறவரின் இருதயம், இன்னொரு பக்கம் பேசுகிறவரின் வாய். இரண்டுக்குமே ஜெபம் வேண்டும். அச்சிட்ட கேள்விகளில் ஜெபிக்கிறவரைப் பற்றி எதுவுமே இல்லை என்பது இந்தக் குறிப்பேட்டின் பெரிய விடுபடல். அண்ணன் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லும் வாய் எனக்கு வேண்டும், அதற்கும் ஒரு கோடு வேண்டும்.

முன்னுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் ஜார்ஜ் முல்லரின் சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளை வளர்த்த அவர், 1844 நவம்பரில் 5 பேருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். சுகமோ வியாதியோ, கரையோ கடலோ, ஒருநாளும் விடவில்லை. முதல் ஆள் வர 18 மாதம் ஆனது. இரண்டாமவருக்கு ஐந்து வருடம் ஓடியது, மூன்றாமவருக்கு ஆறு வருடம். சுமார் 36 வருடம் கழித்து இதைச் சொன்னபோதும் மற்ற இருவரும் வரவில்லை. இன்னும் ஜெபிக்கிறேன், பதிலுக்காக இன்னும் காத்திருக்கிறேன் என்றார் அவர். முன்னுரை அந்த இடத்திலேயே நிற்கிறது. எழுதியவர்களை இதற்காகப் பாராட்டுகிறேன். இப்படிப்பட்ட சாட்சிகளைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முடிவில் எல்லாரும் வந்துவிட்ட கதையைத்தான் தேடிப்பிடித்துச் சொல்வார்கள். பதில் வராத இரண்டு பேரோடு முல்லர் நிற்பதைப் படிக்கும்போதுதான், பதில் வராத பெயர்களோடு உட்கார்ந்திருக்கிற நமக்குத் தெம்பு வருகிறது.

ஆனால் அதே முன்னுரையின் அடுத்த பக்கத்தில் "நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்" என்ற வசனத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, உங்கள் குடும்பத்தாருக்கு இது உறுதிச்சீட்டு என்று எழுதியிருக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. அது பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனிடம் பவுலும் சீலாவும் ஒரு நடு ராத்திரியில் சொன்ன வார்த்தை. அதற்கு அடுத்த வசனங்களையும் படிக்க வேண்டும். அவனுக்கும் அவன் வீட்டிலிருந்த எல்லாருக்கும் வசனத்தைப் போதித்தார்கள், அவன் வீட்டார் அனைவரும் விசுவாசித்தார்கள். ஒவ்வொருவரும் கேட்டு, ஒவ்வொருவரும் விசுவாசித்தார்கள். நம் வீட்டாருக்காகத் துணிவோடு கேட்க இந்த வசனம் தாராளமாகப் போதும். எங்கள் குழுவில் உள்ள ஒரு தாய் இதை உறுதிச்சீட்டாகவே பிடித்துக்கொண்டு ஜெபித்தவர். மகன் இன்னும் வரவில்லை. "அப்போ என் விசுவாசத்துலதான் குறையா?" என்று அவர் கேட்டது எனக்கு மறக்கவில்லை. என் அண்ணனைச் சபையிலிருந்து விரட்டிய அதே வார்த்தை இன்னொரு வடிவத்தில் அந்தத் தாயின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். அங்கே தீர்க்கதரிசி சாமுவேலின் வார்த்தையைப் போடலாம்: "நானும் உங்களுக்காக விண்ணப்பம்பண்ணாதிருப்பேனாகில் கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்கிறவனாயிருப்பேன்." தனக்குப் பதிலாக ஒரு ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனத்தைப் பார்த்து அவர் சொன்னது இது. அவர்கள் மாறுவார்களா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, அவர் நிறுத்தமாட்டார் என்பது மட்டும் இருக்கிறது.

"பதில் கிடைத்த நாள்" என்று ஒவ்வொரு ஆளின் முதல் பக்கத்திலும் வலது மேல் மூலையில் ஒரு கட்டம் இருக்கிறது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் பக்கத்தைத் திறந்தவுடன் கண் அங்கேதான் போகிறது, அது காலியாக இருக்கிறது. 30 பெயர் எழுதியவருக்கு 30 காலிக் கட்டங்கள். எங்களில் இரண்டு பேர் அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டார்கள். விதவை அநீதியுள்ள நியாயாதிபதியிடம் போய்ப் போய் நின்ற உவமையை இயேசு சொன்னது, சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்காக. அந்த நியாயாதிபதிபோலத் தேவன் இருக்கிறார் என்பதற்காக அல்ல. நச்சரித்தால்தான் இறங்குவார் என்றால் எத்தனை முறை கேட்டோம் என்று கணக்கு வைக்கத்தான் வேண்டும். தம்மை நோக்கி இரவும் பகலும் கூப்பிடுகிறவர்களைத் தெரிந்துகொண்டவர் அவர் என்றால் கணக்கு எதற்கு? தேதி வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தக் கட்டத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. எந்த நாளை எழுதுவது? என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி முதலில் வேதத்தை வாசிக்கக் கேட்டாள். அப்புறம் நெடுநாள் ஒன்றுமில்லை. பிறகு ஓர் இரவு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டு, "எனக்காக ஜெபி, நானும் சேர்ந்து சொல்றேன்" என்றாள். ஞானஸ்நானம் எடுத்தது அதற்கும் வெகு பிறகு. ஒரு கட்டத்துக்குள் அடங்கும் காரியமா இது? கோடு போட்ட பக்கங்களில் தேதி தேதியாக இவை எல்லாம் இருக்கின்றன. இப்போது அவற்றைத் திரும்பப் படிப்பதுதான் இந்தக் குறிப்பேட்டில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

இன்னொரு பெயர் உண்டு, என் கணவரின் மாமா. அவர் இறந்துவிட்டார். கடைசி நாட்களில் அவர் மனதில் என்ன நடந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இப்படி நடந்தால் அந்தப் பக்கத்தை என்ன செய்வது என்று குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. மற்றவர்களின் இரட்சிப்புக்காக ஜெபிக்கச் சொல்லி ஒரு புத்தகம் தயாரிப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. ஜெபிக்கிற எல்லாருக்கும் இந்த நாள் வரும். நான் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. தன் சகோதரன் மகன் லோத்து இருந்த சோதோம் பட்டணத்துக்காக மன்றாடியபோது ஆபிரகாம் சொன்ன வார்த்தையைக் கடைசிக் கோட்டில் எழுதினேன்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" அதற்குமேல் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி மணி நேரத்தில் என்ன கேட்டான் என்பது அவன் வீட்டாருக்குத் தெரிந்திருக்குமா என்று மட்டும் யோசிப்பேன்.

அட்டையைப் பற்றி எனக்குக் கடுமையான ஆட்சேபம். முன்னட்டையில் தங்க நிறத்தில், தூரத்திலிருந்தே படிக்கும்படி, "இரட்சிக்கப்பட வேண்டியவர்கள்" என்று அச்சடித்திருக்கிறார்கள். நாம் யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்கள். எங்கள் குழுவில் ஒரு தங்கையின் கணவர் மேசைமேல் இதைப் பார்த்துவிட்டு எடுத்துப் புரட்டினார். முதல் பெயரே அவருடையது. "என்னை என்ன பாவின்னு லிஸ்ட் போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டார். அவள் ஒன்றும் பேசாமல் அவருடைய பக்கத்தையே விரித்துக் கொடுத்தாள். பிடித்தது என்ன என்பதற்கு அரைப்பக்கம் எழுதியிருந்தாள். தேவை என்ற இடத்தில் முதுகுவலி, அலுவலக இடமாற்றம், அவருடைய அம்மாவின் மறதி. அவர் நின்றபடியே படித்துவிட்டு, "முதுகுவலியெல்லாமா எழுதுவ?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்றுவரை சபைக்கு வரவில்லை. கோபமும் படவில்லை. உள்ளே இருந்த கேள்விகள் அட்டையின் சேதத்தைச் சரிசெய்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

குறிப்பேடு இன்னொருவர் கையில் சிக்குவது எப்போதும் தீங்காக முடிவதில்லை. பிற்பாடு சீனாவுக்கு மிஷனரியாகப் போன ஹட்சன் டெய்லர் 17 வயதில், 1849 ஜூனில், வீட்டில் பொழுது போகாமல் ஒரு துண்டுப்பிரதியை எடுத்துப் படித்து மனந்திரும்பினார். அதே வேளையில் 70, 80 மைல் தூரத்தில் அவருடைய தாய் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, பதில் கிடைக்கும்வரை எழுவதில்லை என்று அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். இது பலருக்கும் தெரிந்தது. அதிகம் சொல்லப்படாதது அவருடைய தங்கையின் பங்கு. தன்னுடையது என்று நினைத்து டெய்லர் ஒரு சிறு குறிப்பேட்டைத் திறந்தாராம். அது தங்கையுடையது. அண்ணன் மனந்திரும்பும்வரை தினமும் ஜெபிப்பேன் என்று அதில் எழுதியிருந்தாள், அவர் மனந்திரும்புவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால். முல்லருக்குப் பல பத்தாண்டுகள், அந்தத் தங்கைக்கு ஒரு மாதம். முன்னுரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் காலத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல முடியாது என்பது படிக்கிறவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும்.

அதற்காக எல்லாரும் பார்க்கும்படி விட்டுவைக்கச் சொல்லவில்லை. பக்கங்களில் மற்றவர்களின் குடும்ப ரகசியங்கள் இருக்கும். ஜெபக்குழுவில் வாசித்துக் காட்டவும் வேண்டாம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை பரவுவதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் குழுவில் முதலெழுத்தை மட்டும் சொல்லிச் சேர்ந்து ஜெபிக்கிறோம்.

40 பேர் என்பது அதிகம். வார அட்டவணையில் நாளுக்கு ஐந்தாறு பேராகப் பிரித்துக்கொண்டால் முடியும் என்கிறது முன்னுரை. பெயர்களை வாசிக்க முடியும், சரி. கொலோசெ ஊரைச் சேர்ந்த எப்பாப்பிரா தன் ஜெபங்களில் உங்களுக்காக எப்பொழுதும் போராடுகிறான் என்று கொலோசெயரில் இருக்கிறதே, அப்படிப் போராட 40 பேரை ஒரு சாதாரண மனுஷியால் சுமக்க முடியாது. நான் சில பெயர்களோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பக்கங்களை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

கைபேசியில் இதே வேலைக்குச் செயலிகள் உண்டு, நானும் ஒன்றைப் பயன்படுத்தினேன். நினைவூட்ட நல்லது, பயணத்தில் வசதி. ஆனால் ஜெபிக்க எடுத்த கைபேசியில் அடுத்த நொடி வேறொரு செய்தி வந்து விழுகிறது. தவிர, பழைய குறிப்புகள் திரையில் மேலே எங்கோ போய்விடுகின்றன. காகிதத்தில் போன வருடத்துக் கண்ணீரும் இந்த வருடத்து ஜெபமும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும்.

தாள் கனமாக இருக்கிறது, பந்துமுனைப் பேனாவுக்குப் பின்பக்கம் ஊறுவதில்லை, மைப் பேனாவுக்கு ஊறுகிறது. தையல் போட்ட கட்டு, விரித்து வைத்தால் தட்டையாகக் கிடக்கும், முழங்காலில் இருந்து படிக்க நல்லது. எழுத்து சிறியது, கோடுகளும் நெருக்கம். எங்கள் குழுவில் வயதானவர்கள் இரண்டு கோட்டை ஒன்றாக்கித்தான் எழுதுகிறார்கள். அவர்கள்தான் அதிகம் ஜெபிக்கிறவர்கள் என்பதால் பெரிய எழுத்தில் ஒரு பதிப்பு கட்டாயம் வர வேண்டும்.

குறைகள் இவ்வளவு சொல்லியும், யாருக்காவது ஜெபிக்க ஆசைப்பட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கும், ஜெபித்து ஜெபித்துச் சலித்துப்போய் அந்தப் பெயரையே சொல்வதை விட்டுவிட்டவர்களுக்கும் இதைத் தயங்காமல் வாங்கிக் கொடுப்பேன். முதல் இரண்டு கேள்விகளுக்காகவும் முல்லரின் அந்த ஒரு பக்கத்துக்காகவும். வாங்கியவுடன் அட்டைக்கு ஒரு சாதாரண உறை போட்டுவிடுங்கள்.

ஓர் ஆளுக்கு 4 பக்கம் போதாது. அண்ணனுக்குக் கூடுதலாகக் கொடுத்த பக்கங்களும் எனக்கு முடிந்துவிட்டதால் தனித்தாள் ஒட்டித் தொடர்கிறேன். கனமான தாள் ஒட்டினால் தையல் விலகுகிறது, மெல்லிய தாளாகப் பார்த்து ஒட்டுங்கள்.